கேன்சர் ஆராய்ச்சிக்குப் போகணுமா? சேலம், நாமக்கல் மாணவர்கள் என்ன படிக்கலாம்?

‘கேன்சர்’ என்று பெயரிலேயே இருக்கும் எம்.எஸ்சி-யைத் தேடி அலைய வேண்டியதில்லை. உயிர்வேதியியல், உயிரித்தொழில்நுட்பம் படித்தாலும் போதும். 1997-ல் தொடங்கிய சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் இரண்டும் இருக்கு.

செல் பெருகாமல் பிரேக் போடும் டிபி53 போன்ற மரபணுக்கள் ஏன் பழுதாகின்றன, அதை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் இந்தத் துறை. ‘புள்ள டாக்டருக்கா படிக்குது?’ என்று ஊரில் கேட்பார்கள். இல்லை, வைத்தியம் பார்க்க முடியாது. பிஎச்.டி முடித்தால் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ வரும், அவ்வளவுதான்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் ஆய்வுக்குப் போகணும்னா, பெரிய கவலை பணம். அதற்குத்தான் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு. ஜே.ஆர்.எஃப் கிடைத்தால், பிஎச்.டி-யின் முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் ரூ.37,000 உதவித்தொகை. எம்.எஸ்சி கடைசி வருஷத்திலேயே எழுதலாம்.