மின்கலம் சுமந்த தோள்கள்

ஊர்தி எதுவாயினும் அதற்குத் தீனி வேண்டும். மாட்டு வண்டிக்குப் புல்லும் தண்ணீரும் வேண்டும். நீராவி எஞ்சினுக்கு நிலக்கரியும் தண்ணீரும் வேண்டும். மோட்டார் வண்டிக்குப் பெற்றோல் வேண்டும். தீனி கிடைக்கும் இடத்தில் பயணம் சற்று நிற்கிறது. நின்றவர் பசியாறக் கடை தோன்றுகிறது. கடையைச் சுற்றி ஊர் வளர்கிறது. பதுளைக்கு ஏறும் மலைப்பாதையின் வரலாறு ஒரு வகையில் இத்தகைய தரிப்பிடங்களின் வரலாறேயாகும். மின்சாரக் கார்களுக்கு உரிய மின்னேற்று நிலையம் அவ்வரிசையில் இறுதியாக வந்து சேர்ந்திருக்கிறது. ஆயினும், மின்சாரத்தைத் தேடிச் சென்று காத்திருந்து பெற்று வரும் வழக்கம் ஊவாத் தோட்ட மக்களுக்குப் புதியதன்று.

கோப்பிக் காலத்தில் ஊவாவின் விளைபொருள் கொழும்புத் துறைமுகத்தை அடைய மாட்டு வண்டியையே நம்பியிருந்தது. 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1886ஆம் ஆண்டில் ஊவா தனி மாகாணமாயிற்று. புகையிரதப் பாதை 1893இல் ஹப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. ஆனால் அங்கிருந்து பதுளையை அடைய அதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலத்தையும், தெமோதரை நிலையத்தின் அடியிலேயே சுரங்கமாகச் சுற்றி வரும் பாதையையும் அமைத்த பின்னரே, 1924ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பதுளை நிலையம் திறக்கப்பட்டது. இம்மலைநாட்டுத் தெருக்களிலும் தண்டவாளங்களிலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்புப் பெரிதும் கலந்திருக்கிறது.

ஊவாவின் மலைகளுக்கு இயற்கை அளித்த செல்வம் விழுநீர். அதன் வலிமையைத் தோட்டத்துரைமார் விரைவிலேயே அறிந்துகொண்டனர். ஓடையை மறித்துச் சிற்றணை கட்டி, குழாய் வழியே நீரைச் சரிவில் இறக்கி, முதலில் நீர்ச்சக்கரத்தையும் பின்னர் டர்பைனையும் சுழற்றித் தேயிலை உருட்டும் இயந்திரங்களை ஓட்டினர். மலைநாடெங்கும் இத்தகைய சிறு நிலையங்கள் நூற்றுக்கணக்கில் இயங்கின. நாடு முழுவதற்கும் நீர்மின்சாரம் தரலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா 1918ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அவர் கனவு கண்ட லக்ஷபான நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது.

தொழிற்சாலையில் மின்விளக்கு எரிந்த காலத்திலும் அதன் கீழே அமைந்த லயங்களில் குப்பி விளக்கே எரிந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றே ஒரு குடும்பத்தின் வீடாக இருந்தது. அவ்வீடும் அது நின்ற நிலமும் குடியிருந்தவர் பெயரில் இல்லை. ஆகவே மின்கம்பி லயத்தின் மேலாகச் சென்றபோதும், அதிலிருந்து ஓர் இணைப்பைக் கேட்டுப் பெறும் உரிமை அவர்களுக்கு எளிதில் வாய்க்கவில்லை.

இந்நிலையில்தான் மோட்டார் வண்டியின் மின்கலம் லயத்துக்குள் புகுந்தது. நாட்டில் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டில் தொடங்கியது. மின்சாரம் இல்லாத கிராமத்தவரும் தோட்டத்தவரும் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியை 12 வோல்ட்டு மின்கலத்தில் இணைத்துப் பார்த்தனர். மின்கலம் ஓய்ந்ததும் அதைத் தோளிலோ தலையிலோ சுமந்து, ஒற்றையடிப் பாதையில் இறங்கி, பஸ் ஏறிப் பட்டினத்துக் கடைக்குக் கொண்டு சென்றனர். மின்னேற்றப் பல மணி நேரம் ஆகும்; ஒப்படைத்தவர் மறுநாள் திரும்பி வரவேண்டியிருந்தது. சற்றே சாய்ந்தால் அமிலம் வழிந்து துணியைப் பொசுக்கும். இத்தனை பாடுபட்டுப் பெற்றது எவ்வளவு? அறுபது ஆம்பியர்-மணி மின்கலம் முழுமையாக நிறைந்தாலும் அதில் அடங்குவது முக்கால் யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. அதற்காகச் சுமந்த பாரமோ ஏறத்தாழ பதினைந்து கிலோ.

அக்கடைகளே இப்பகுதி மக்கள் அறிந்த முதலாவது பொது மின்னேற்று நிலையங்கள் எனலாம். பின்னர் சூரிய ஒளித் தகடுகள் பரவின. மின்சார சபையின் கம்பிகளும் லயங்களை எட்டின. மின்கலம் சுமக்கும் வழக்கம் மெல்ல மறைந்தது.

மின்சாரக் காரும் உலகத்துக்குப் புதியதன்று. 1859இல் பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க ஈய மின்கலத்தை ஆக்கினார். 1897இல் லண்டன் வீதிகளில் மின்சார வாடகைக் கார்கள் ஓடின. மின்கலத்தின் பாரமும், மலிந்து வந்த பெற்றோலும் அவற்றைப் பின்தள்ளின. 1991ஆம் ஆண்டில் லித்தியம் மின்கலம் சந்தைக்கு வந்த பிறகே அவ்வண்டிக்கு மறுவாழ்வு கிட்டியது. இலங்கையில், இறக்குமதி வரி குறைந்திருந்த 2015ஆம் ஆண்டை ஒட்டி நிசான் லீஃப் கார்கள் பெருகின. மின்னேற்று நிலையங்களும் தோன்றின. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது.

இடையில் வந்த 2022ஆம் ஆண்டை எவரும் மறவார். அவ்வாண்டு ஜூன் இறுதியில் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. பின்னர் கியூஆர் குறியீட்டு முறை வந்தது. பெற்றோலுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றோர் பலர் மின்சார வண்டியைக் கண்டு ஏங்கினர். ஆனால் அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டும் நிகழ்ந்தது என்பதையும் கருதவேண்டும். ஒரே வழியை நம்பியவர் எவராயினும் இடர்ப்பட்டனர்.

மலைப்பாதையில் மின்சாரக் காரைச் செலுத்துவோருக்குச் சிறு கணக்கறிவு பயன்தரும். இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத்திலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறும்போது வண்டி ஏறத்தாழ 1,400 மீற்றர் உயர்கிறது. 1,600 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயர்த்துவதற்கு மட்டும் சுமார் 6 யூனிட் செலவாகும். சமதரையில் ஓடும் செலவு வேறு. 24 யூனிட் கொள்ளும் பழைய காருக்கு இது நாலில் ஒரு பங்கு. ஆகவே மலையடிவாரத்திலேயே மின்னேற்றிக்கொள்ளுதல் அறிவுடைமை. இறங்கும்போது சக்கரத்தின் சுழற்சியே மின்சாரமாக மாறி, செலவான சக்தியின் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பித் தருகிறது. ஹப்புத்தளையிலிருந்து பதுளைக்கு இறங்குபவர் இந்நன்மையைக் காண்பார்.

விரைவு மின்னேற்றியில் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் மின்கலம் பெரும்பாலும் நிறையும். சாதாரண மின்னேற்றியில் ஓர் இரவு செல்லும். எண்பது விழுக்காட்டுக்கு மேல் ஏற்றம் மந்தமடைவதால், அவ்வளவோடு வண்டியை எடுத்து அடுத்தவருக்கு இடம் விடுவது நாகரிகம். மாலை 6:30 மணி முதல் இரவு 10:30 வரை நாட்டின் மின்தேவை உச்சத்தில் இருக்கும். அந்நேரத்தைத் தவிர்ப்பது நாட்டுக்கும் நலம். செருகியின் வகையையும் முன்னரே அறிந்து செல்லவேண்டும். ஜப்பானிய வண்டியின் செருகி ஐரோப்பிய வகைக்குப் பொருந்தாது. சீன வகை இன்னொன்று. முன்பு நானுஓயாவில் அகலப்பாதையும் நுவரெலியா வழி செல்லும் ஒடுங்கிய பாதையும் சந்தித்தன. இரு பாதைகளின் அகலம் வேறுபட்டதனால் பொருள்களை இறக்கி மாற்றி ஏற்றவேண்டியிருந்தது. அவ்வொடுங்கிய பாதை 1940களில் மூடப்பட்டது. பொது அளவு இல்லாத ஏற்பாடு வருந்தும் என்பதற்கு அது சான்று.

இவையனைத்தினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. சொந்த வீடும் வாசலும் உடையவர் இரவில் தம் வீட்டிலேயே மின்னேற்றிக்கொள்வார். பொது நிலையம் அவருக்குப் பயணத்தில் கிடைக்கும் வசதி. பசறையிலோ நமுனுகுலையிலோ லயத்தில் வாழ்ந்து, முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கோ வண்டி நிறுத்தும் இடமே வீட்டருகில் இல்லை. நீளக் கம்பி இழுக்கவும் வழியில்லை. அவர் மின்சார வண்டிக்கு மாறுவதாயின், பொது நிலையமே அவருக்கு வாழ்வாதாரம். நிலையங்கள் சுற்றுலா விடுதிகளின் முற்றத்தில் மட்டும் அமைந்தால், மலிந்த செலவின் நன்மை வசதியுள்ளவரோடு நின்றுவிடும்.

ஊவா மின்சாரத்துக்காக விலை கொடுத்த மண். உமாஓயா நீரைத் தெற்கே திருப்பும் சுரங்கத்தைத் தோண்டியபோது, 2014ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின; வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2024 ஏப்ரலில் திறக்கப்பட்ட அத்திட்டம் 120 மெகாவாட் மின்சாரம் ஆக்கவல்லது. அம்மின்சாரம் நாடெங்கும் செல்கிறது. சுவர் வெடித்தவர் ஊரிலேயே இருக்கிறார்.

முன்னாளில் அறம் செய்ய விரும்பியவர்கள் வழிநெடுகச் சுமைதாங்கிக் கல் நாட்டினர். தலைச்சுமையோடு வருபவர் யார் என்று அக்கல் கேட்டதில்லை. மின்னேற்று நிலையமும் அத்தகைய பொதுவிடமாக அமையவேண்டும். பதுளை பஸ் நிலையத்தருகே, தோட்டத்துச் சந்தியில், மருத்துவமனை வாயிலில் அது அமையுமானால், மின்கலத்தைத் தோளில் சுமந்தவரின் பிள்ளைகள் அந்தச் சுமையின்றி, தம் வண்டியோடு வந்து தமக்குரிய முறைக்குக் காத்து நிற்பர்.