எழுத்துக்கு ஓர் எண்

கொங்கு நாட்டுச் சந்தைகளில் தானியம் அளக்க வள்ளம் என்றோர் அளவை முன்பு வழங்கிற்று. அளவைகள் ஊருக்கு ஊர் வேறுபட்டமையால், 'எந்த ஊர்ப் படி?' என்று கேட்டுக்கொண்ட பின்னரே விலை பேச முடிந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் நாடெங்கும் மெட்ரிக் அளவையைப் படிப்படியாகப் புகுத்தி அக்குழப்பத்தை நீக்கிற்று. ஏறத்தாழ அதே குழப்பம் பிற்காலத்தில் நம் அரசு அலுவலகங்களின் கணினிகளிலும் நேர்ந்தது. அவ்வரலாற்றையே இங்குக் கூற விழைகின்றேன்.

கணினிக்கு எழுத்துத் தெரியாது. எண் ஒன்றே தெரியும். 'க' என்று நாம் தட்டினால் அதற்குரிய எண்ணையே அது சேமித்து வைக்கின்றது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை, எழுத்துரு செய்தவர்கள் தத்தம் விருப்பப்படி வகுத்துக்கொண்டனர். ஆகவே ஓர் அலுவலகத்தில் எழுதிய கடிதத்தை, வேறு எழுத்துரு வைத்திருந்த அலுவலகத்தில் திறந்தால் பொருளற்ற குறிகளே திரையில் தோன்றின. வருவாய்த் துறையின் பட்டாவிலும் பதிவுத் துறையின் பத்திரத்திலும் உள்ள பெயர் ஒன்றே என்பதை மனிதக் கண் அறிந்துகொள்ளும்; எண்கள் வேறானால் கணினி அறியாது. இயந்திரங்கள் வந்துவிட்டன, அவை தம்முள் பேசிக்கொள்ள வழியில்லை. நிலம் வாங்கிய உழவர்தாம் தாளைக் கையிலேந்தி அலுவலகத்துக்கு அலுவலகம் நடக்க வேண்டியிருந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் 'தமிழ்99' விசைப்பலகையும், 'டாம்', 'டாப்' என்னும் இரு குறியீடுகளும் அரசின் தரங்களாயின. விசைப்பலகை நிலைத்தது, குறியீடுகள் நிலைக்கவில்லை. அயல்நாட்டுத் தமிழர்கள் இணையத்தில் கலந்து பேசி உருவாக்கிய 'டிஸ்கி' ஒருபுறம் வழங்கிற்று. பழைய எழுத்துருக்களும் அலுவலகங்களை விட்டு அகலவில்லை.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடோ 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தொகுதியை ஒதுக்கியிருந்தது. ஆயினும் அது 'கி' என்பதை 'க' என்றும் ஒரு துணைக்குறி என்றும் இரண்டாகவே எண்ணும். 247 எழுத்துக்களுக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று வாதிட்ட அறிஞர்கள் 'டேஸ்16' என்னும் அனைத்தெழுத்துக் குறியீட்டை முன்வைத்தனர். இவ்வாதம் வீண் என்று நான் கருதவில்லை. மொழியின் இலக்கணத்தைப் பொறி மதிக்க வேண்டும் என்பது நியாயமே. ஆனால் அது நீண்ட ஒவ்வோர் ஆண்டும் பழைய குறியீடுகளில் கோப்புகள் குவிந்துகொண்டே இருந்தன.

முடிவு பிறந்த நாள் கோவைக்கு உரியது. 2010 ஜூன் 23ஆம் நாள் அந்நகரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிற்று. தமிழ் இணைய மாநாடும் உடன் நிகழ்ந்தது. அன்றைய நாளிட்ட அரசாணை, யூனிகோடே அரசின் தரம் என்றும், அது இயலாத இடங்களில் டேஸ்16 மாற்றுத் தரம் என்றும் விதித்தது. எழுத்தைப் பற்றிய இணக்கம் எளிதில் வருவதன்று என்பதைக் கொங்கு நாடு முன்பே கண்டதுண்டு: ஈரோட்டுப் பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த எழுத்துக்கள், அரசாணையாக 1978 வரை காத்திருந்தன. அதனோடு ஒப்பிட்டால் பதினோராண்டுத் தாமதம் குறைவே.

ஆணை பிறந்ததனால் பழைய கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள்கள் உண்டு. ஆயினும் எந்த எழுத்துருவில் எழுதியது என்பது தெரிந்தாலன்றி அவையும் பயன்படா. அது தெரியாத கோப்பை ஒவ்வொரு குறியீடாகப் பொருத்திப் பார்த்தே படிக்க வேண்டும்.