அந்நியச் செலாவணி வணிகம்: இந்திய ஒழுங்குமுறை மாற்றங்கள்

இந்தியாவில் வெளிநாட்டுப் பணத்தை வாங்கி விற்கும் வங்கிகளும் நாணய மாற்றுநர்களும் இந்திய ரிசர்வ் வங்கியின் உரிமத்தின் கீழ் இயங்குகின்றனர். செலாவணிக் கட்டுப்பாடு 1939இல் போர்க்கால ஏற்பாடாகத் தொடங்கியது. 1947, 1973ஆம் ஆண்டுச் சட்டங்கள் அதை நிலைப்படுத்தின. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் மீறல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது.

1991 பொருளாதார நெருக்கடிக்குப் பின் விதிகள் தளர்ந்தன. 1993இல் ரூபாயின் மாற்று விகிதம் சந்தையிடம் விடப்பட்டது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999, 2000 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது; மீறல்கள் பெரும்பாலும் அபராதத்தால் தீர்க்கப்படும் உரிமையியல் குற்றங்களாயின.

இச்சட்டத்தின் 10ஆம் பிரிவின் கீழ் ரிசர்வ் வங்கி உரிமம் வழங்குகிறது. முதல் வகை முகவர்களான வங்கிகள் எல்லாச் செலாவணிப் பரிவர்த்தனைகளையும் செய்யலாம். இரண்டாம் வகையினர் குறிப்பிட்ட சில பணம் அனுப்புதல்களைக் கையாளலாம். முழுநிலை நாணய மாற்றுநர்கள் வெளிநாட்டுப் பணத்தை வாங்குவதோடு, தனிப்பட்ட, வணிகப் பயணங்களுக்கு விற்கவும் செய்யலாம்.

தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப 2004இல் அறிமுகமான தாராளப் பண அனுப்பீட்டுத் திட்டத்தின் தொடக்க உச்சவரம்பு 25,000 டாலர். 2015 முதல் அது நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 2009ஆம் ஆண்டுத் திருத்தம் நாணய மாற்றுநர்களை அச்சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. அதன்படி வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதும், ஐயத்திற்குரிய பரிவர்த்தனைகளை நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிப்பதும் அவர்களின் கடமை.