கடலுக்கு 4 டிஎம்சி

வைகையில் வெள்ளம் வந்தால் எங்க சிம்மக்கல் பக்கம் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும்: "இம்புட்டுத் தண்ணியும் வீணா கடலுக்குல்ல போகுது!" அதைக் கேட்டே வளர்ந்தவன் நான். ஆனால் வைகை பெரும்பாலும் கடலைத் தொடுவதே இல்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு அதன் பயணம் முடிந்துவிடும். சரி, ஆறு கடலைச் சேராவிட்டால் யாருக்கு நஷ்டம்? பதில் காவிரியின் கடைமடையில், முத்துப்பேட்டையில் இருக்கிறது.

பாமணியாறு, கோரையாறு போன்ற கிளைகள் அங்கே ஒரு காயலில் விழுகின்றன. சுற்றிலும் அலையாத்திக் காடு. அதையொட்டி உமரி படர்ந்த உவர்நிலம், சேற்றுவெளி. கிழக்கே வேதாரண்யத்து உப்புச் சதுப்பு, அதற்கப்பால் வெளிமான் திரியும் கோடியக்கரைக் காடு. 2002இல் இவையெல்லாம் ஒன்றாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. இங்கே எந்தச் செடி எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது உப்பு. சில அங்குல மேடு பள்ளம் போதும், எல்லாம் மாறிவிடும்.

ஆங்கிலேயர் கால வன நிர்வாகம் அந்த அங்குலங்களைக் கணக்கில் எடுக்கவில்லை. காட்டைக் கூறுகளாகப் பிரித்து, விறகுக்காக ஒவ்வொரு கூறாக மொட்டையடித்தார்கள். கடைசிக் கூறை வெட்டி முடிப்பதற்குள் முதல் கூறு திரும்ப வளர்ந்திருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. சுதந்திரத்துக்குப் பிறகும் அதே முறைதான். ஆனால் நிழல் போன சேற்றில் வெயில் நேராக இறங்கியது. ஈரம் வற்றி, தரை அமுங்கி, தொட்டிபோல் ஆனது. ஓதம் ஏறும்போது உள்ளே வந்த கடல்நீர் இறங்கும்போது வெளியேற முடியாமல் தேங்கிக் காய்ந்தது. உப்பு மட்டும் மிஞ்சியது. விழுந்த விதை முளைக்கவில்லை.

பழி யார்மேல் விழுந்தது தெரியுமா? மாடு மேய்த்தவர்கள்மேல், விறகு பொறுக்கியவர்கள்மேல். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் ஆராய்ந்தபோதுதான், முதன்மைக் காரணம் அந்த மொட்டையடிப்பு என்று தெளிவானது. வைத்தியம் எளிமையானது: வாய்க்கால். ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளைகள், மீன்முள்ளைப் போல. ஓதநீர் வந்து போகப்போக உப்பு கரைந்தது. வாய்க்கால் சரிவில் கன்றுகள் பிடித்தன. வனத்துறையோடு கிராமத்து மக்களும் இந்த வேலையில் இறங்கினார்கள். பழி சுமந்தவர்கள் கையாலேயே காடு மீண்டது.

ஆனால் வாய்க்கால் கடலைத்தான் உள்ளே கொண்டுவரும், ஆற்றைக் கொண்டுவராது. 1934இல் மேட்டூர் அணை வந்தது. அதற்கு மேலும் கீழும் பாசனம் பெருகப் பெருக, கடைமடைக்கு வரும் நன்னீர் சுருங்கியது. இன்று முத்துப்பேட்டையில் ஏறக்குறைய எங்கும் உப்பைத் தாங்கும் வெண்கண்டல் மரம்தான். பிச்சாவரத்தில் காணும் சுரபுன்னை இங்கே அரிது. ஒரே மரத்தை நம்பிய இந்தக் காட்டை 2018 நவம்பரில் கஜா புயல் முறித்துப் போட்டது.

2007இல் காவிரி நடுவர் மன்றம் 740 டிஎம்சி தண்ணீரைப் பங்கு பிரித்தது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. சுற்றுச்சூழலுக்கு 10. மிச்சமிருந்த 4 டிஎம்சிக்குத் தீர்ப்பு வைத்த பெயர், கடலுக்குள் தவிர்க்க முடியாமல் வெளியேறும் நீர். 2018இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களின் பங்கை மாற்றியபோதும் அந்த 4 அப்படியே இருந்தது. அதைக் கடலின் பங்கு என்று யாரும் எழுதவில்லை. ஒழுகிப்போனதாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.