ஏரி வெட்டிய துரைக்கு வந்த பரம்பரைச் சொத்து

கொடைக்கானல் போய் வந்தவர்களுக்கு ஏரியைத் தெரியாமல் இருக்காது. படகு விட்டிருப்பார்கள், சைக்கிளை வாடகைக்கு எடுத்துச் சுற்றியிருப்பார்கள், கரையில் சுட்ட சோளம் வாங்கித் தின்றிருப்பார்கள். அந்த ஏரியை 1863-ல் உண்டாக்கியவர் மதுரை கலெக்டர் சர் வெரே ஹென்றி லெவிஞ்ச் என்று சுற்றுலாப் புத்தகங்களில் தவறாமல் ஒரு வரி வரும். (பெயரை லெவிங், லெவிங்கி, லெவிஞ்சு என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். போகட்டும்.) அந்த ஒரு வரியில் ஒரு சின்னத் தப்பு இருக்கிறது. 1863-ல் அவர் 'சர்' கிடையாது! வெறும் மிஸ்டர் லெவிஞ்ச்தான்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். இருக்கிறது. அந்த 'சர்' எங்கிருந்து வந்தது, ஏன் அவ்வளவு லேட்டாக வந்தது என்று தேடிக்கொண்டு போனால், ஓர் ஐரிஷ் ஜமீன்தார் குடும்பத்தின் வாரிசு விவகாரத்தில் போய் நிற்கும். அந்த வாரிசு முறை மட்டும் வேறு மாதிரி இருந்திருந்தால் இந்த மனிதர் மதுரைப் பக்கமே வந்திருக்க வேண்டியதில்லை.

'சர்' பட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒருவர் செய்த சாதனைக்காக அவருக்கு மட்டும் கொடுப்பது. சர் சி.வி. ராமனுக்கு 1929-ல் கிடைத்தது அந்த வகை. அவரோடு முடிந்துவிடும், பிள்ளைக்குப் போகாது. இன்னொன்று பாரனெட் என்ற பரம்பரைப் பட்டம். அப்பாவுக்குப் பிறகு மூத்த மகன், அவருக்கு மகன் இல்லையென்றால் தம்பி, தம்பிக்கும் மகன் இல்லையென்றால் இன்னொரு சகோதரனின் மகன். பெண் வாரிசுக்குப் பொதுவாக இடமே இல்லை. லெவிஞ்ச் குடும்பத்துப் பட்டம் இந்த இரண்டாவது வகை.

அந்தப் பட்டத்தை முதலில் வாங்கியவர் ரிச்சர்ட் லெவிஞ்ச் (1656-1724) என்ற இங்கிலீஷ் வக்கீல். 1690-ல் அயர்லாந்துக்கு அரசு வழக்கறிஞராகப் போனார். 1692-ல் அங்குள்ள பாராளுமன்றத்துக்கு சபாநாயகர் ஆனார். 1704-ல் பாரனெட் ஆக்கப்பட்டார். அது எந்தக் காலம் என்பதைக் கவனிக்க வேண்டும். மன்னர் வில்லியம் போரில் ஜெயித்து, தோற்றுப்போன கத்தோலிக்க நிலக்கிழார்களின் நிலங்கள் பறிமுதலாகி, புதிதாக வந்த ஆட்களுக்குக் கைமாறிக்கொண்டிருந்த காலம். லெவிஞ்ச் குடும்பம் அயர்லாந்தின் வெஸ்ட்மீத் மாவட்டத்தில் காலூன்றியதும் அந்தக் காலகட்டத்தில்தான். பின்னாளில் அங்கே நாக்ட்ரின் என்று ஒரு கோட்டை மாளிகையே கட்டிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட குடும்பங்களில் நிலத்தைப் பாகம் பிரிக்க மாட்டார்கள். மூத்தவனுக்கே எல்லாம். பிரித்துக்கொண்டே போனால் நாலு தலைமுறையில் ஆளுக்கு ஒரு தோட்டம்தான் மிஞ்சும், பிறகு கோட்டையாவது பட்டமாவது என்ற கணக்கு. நம் ஊர் ஜமீன்களிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான் இருந்தது. பாகம் பிரிக்க முடியாத ஜமீன்களுக்கென்றே சென்னை மாகாணத்தில் 1904-ல் ஒரு தனிச் சட்டம் போட்டார்கள்.

சரி, மூத்தவனுக்கு எல்லாம் போய்விட்டால் தம்பிகள் என்ன செய்வார்கள்? பட்டாளம், பாதிரியார் வேலை, வக்கீல் தொழில், இல்லையென்றால் இந்தியா. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில் உத்தியோகத்துக்கு 1855 வரை போட்டிப் பரீட்சை கிடையாது. டைரக்டர்களில் ஒருவர் பார்த்து நியமித்தால் போதும், அதாவது சிபாரிசு. பிரபு வீட்டு இளைய பிள்ளைகளுக்கு இதைவிட வசதியான வேலை வேறு எது?

ஆறாவது பாரனெட்டின் மூத்த மகன் ரிச்சர்ட் 1811-ல் பிறந்தவர். நம் வெரே ஹென்றி அவருடைய தம்பி, பிறந்தது 1819-ல். எட்டு வருஷ வித்தியாசம். அந்த எட்டு வருஷம்தான் ஒருவரை அயர்லாந்து நிலக்கிழார் ஆக்கியது, இன்னொருவரைச் சென்னை மாகாணத்து உத்தியோகஸ்தர் ஆக்கியது.

அண்ணன்காரர் சுவாரசியமான ஆசாமி. பட்டாளத்தில் சேர்ந்து 1830-களில் அமெரிக்கக் கண்டத்தில் பிரிட்டனிடம் மிஞ்சியிருந்த குடியேற்றப் பகுதியான நியூ பிரன்ஸ்விக்குக்குப் போனார். காடு, பனி, வேட்டை என்று அங்கே பார்த்ததையெல்லாம் 1846-ல் புத்தகமாகப் போட்டார். 1848-ல் அப்பா இறந்ததும் ஏழாவது பாரனெட் ஆனார். தன் குடும்ப வரலாற்றையும் அவரே தொகுத்து எழுதினார். 1857 முதல் 1865 வரை வெஸ்ட்மீத்துக்குப் பாராளுமன்ற உறுப்பினர். எல்லாம் இருந்தது, பட்டத்தை வாங்கிக்கொள்ள ஒரு மகன் மட்டும் இல்லை.

அவர் சொத்துக்கு வந்த நேரமும் நல்ல நேரமில்லை. 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து அயர்லாந்தில் பெரும்பஞ்சம் தொடங்கியிருந்தது. சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவுக்குப் பேர் நாட்டை விட்டே ஓடினார்கள். குத்தகை வராமல் பல ஜமீன்கள் கடனில் மூழ்கின. கடன்பட்ட எஸ்டேட்டுகளை விற்பதற்கென்றே 1849-ல் ஒரு சட்டம் வந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

இதே 1845-ல் பழனி மலையில் வேறொரு கதை ஆரம்பித்தது. மதுரையில் வேலை செய்த அமெரிக்க மிஷன்காரர்கள் காலராவிலும் காய்ச்சலிலும் ஒருவர் பின் ஒருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள், அங்கேயும் மலேரியா. கடைசியில் கொடைக்கானலுக்கு ஏறி இரண்டு பங்களா கட்டினார்கள். ஊரின் ஆரம்பம் அதுதான். அதற்கு முன்னால் மலையில் யாருமே இல்லை என்று அர்த்தமில்லை. பளியர்களும் புலையர்களும் இருந்தார்கள், பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி என்று விவசாயக் கிராமங்கள் இருந்தன. பங்களாக்காரர்களின் கதையில் அவர்கள் வருவதில்லை, அவ்வளவுதான்.

லெவிஞ்ச் மதுரை கலெக்டராக இருந்தது 1860 முதல் 1867 வரை. கொடைக்கானலில் ஓடைகள் வந்து சேர்ந்த ஒரு சதுப்புப் பள்ளம் இருந்தது. அதன் வாயில் கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கினார். மீன் கொண்டுவந்து விட்டார், தூத்துக்குடியிலிருந்து ஒரு படகையும் மேலே ஏற்றினார். வண்டிச் சாலை இல்லாத காலத்தில் ஒரு படகு மலையேறியது என்றால் அதைச் சுமந்தவர்களைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. மோட்டார் போகிற மாதிரி காட் ரோடு வந்தது அரை நூற்றாண்டுக்குப் பிறகு, முதல் உலகப்போர் சமயத்தில்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே 1863-ல் அவருடைய மாவட்டத்திலேயே இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற வாரிசு வழக்கு ஒன்று முடிவுக்கு வந்தது. சிவகங்கை ஜமீன் வழக்கு. (சிவகங்கை அப்போது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது.) 1801-ல் கம்பெனி ஜமீன்தாராக ஆக்கிய கௌரி வல்லபத் தேவர் 1829-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அவருடைய சகோதரர் வழியினர் ஜமீனைப் பிடித்துக்கொண்டார்கள். மனைவிமார், பிறகு மகள் என்று முப்பது வருஷத்துக்கு மேல் கோர்ட்டு கோர்ட்டாக ஏறி இறங்கினார்கள். கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சில் மகள் கட்டம நாச்சியார் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கூட்டுக் குடும்பமாகவே இருந்தாலும் ஜமீன் தேவரின் சுயார்ஜிதம், ஆகவே ஆண் பிள்ளை இல்லாதபோது மனைவிக்கும் அதற்குப் பிறகு மகளுக்கும்தான் போகும், அண்ணன் தம்பி வழிக்குப் போகாது என்பது வாதம். வாரிசுரிமைப் பாடத்தில் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிற வழக்கு இது.

பாருங்கள்... சிவகங்கையில் ஒரு மகள் கேட்டு ஜெயித்ததை அயர்லாந்தில் ஒரு பாரனெட்டின் மகள் கேட்டே இருக்க முடியாது. அந்த ஜமீன் இருந்த மாவட்டத்துக்குக் கலெக்டராக உட்கார்ந்திருந்தவரே அண்ணன் தம்பி வழியில் பட்டம் போகிற குடும்பத்து ஆள்!

1867-ல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் லெவிஞ்ச் ஊருக்குத் திரும்பவில்லை. கொடைக்கானலிலேயே குடியேறிவிட்டார். அங்கே போய் என்ன செய்வது? கோட்டை அண்ணனுடையது. இங்கேயோ பாதை, மரம், தோட்டம் என்று இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ய வேலை கிடந்தது. அவர் கையால் ஆன ஊர் இது.

அண்ணன் 1884 செப்டம்பரில் இறந்தார். பட்டம் தம்பியைத் தேடி வந்தது. எட்டாவது பாரனெட், நாக்ட்ரின் கோட்டையின் சர் வெரே ஹென்றி லெவிஞ்ச். ஏரிக்கு அப்போது வயது 21, அவருக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. வந்த சொத்தும் பழைய மதிப்பில் வரவில்லை. 1879-லிருந்து அயர்லாந்து குடியானவர்கள் நிலப் போராட்டம் நடத்தி, நியாயமான குத்தகை எவ்வளவு என்று நீதிமன்றமே நிர்ணயிக்கும்படி 1881-ல் சட்டம் கொண்டுவர வைத்துவிட்டார்கள். அக்கவுண்டன்சி பாஷையில் சொன்னால், தேய்மானம் போக மீதி கைக்கு வந்தது. அதையும் அவர் அனுபவிக்கவில்லை. மறு வருஷமே, 1885-ல், காலமானார்.

பட்டத்துக்கு ஆயுசு ஒரு வருஷம்கூட இல்லை என்றாலும் கொடைக்கானலில் நண்பர்கள் எழுப்பிய நினைவுச் சிலுவையில் அது ஏறிவிட்டது. அங்கிருந்து புத்தகங்களுக்கும் ஏறி, பின்னோக்கிப் போய் 1863-லும் ஒட்டிக்கொண்டது. படகு கிளப் வந்தது 1890-ல், துரை போய் ஐந்து வருஷம் கழித்து.

அயர்லாந்தில் பட்டம் அடுத்த தலைமுறைக்கு, வில்லியம் ஹென்றி என்பவருக்குப் போனது. அவர் 1900-ல் இறந்தார். பத்தாவது பாரனெட் ரிச்சர்ட் வில்லியம் முதல் உலகப்போர் தொடங்கிய 1914-லேயே போர்முனையில் கொல்லப்பட்டார். இதற்கிடையே 1903-ல் வந்த இன்னொரு சட்டம் குத்தகைதாரர்கள் அரசுக் கடனில் நிலத்தை வாங்கிக்கொள்ள வழி செய்தது, பெரிய எஸ்டேட்டுகள் கரையத் தொடங்கின. நாக்ட்ரின் கோட்டையும் பிற்பாடு வேறு குடும்பத்தின் கைக்குப் போய்விட்டது. 1914-ல் பதினோராவது பாரனெட் ஆனது மூன்று வயதுக் குழந்தை. 1911-ல் பிறந்த அந்தப் பிள்ளைக்கு வைத்திருந்த பெயர் ரிச்சர்ட் வெரே ஹென்றி.