பீற்றர்ஸ் அம்மையாரின் கதிர்

சென் ஜேம்ஸ் ரவுணில் குடியிருந்தபோது ஷேர்போர்ன் வீதி 500ஆம் இலக்கத்தை நாள்தோறும் கடந்து போவேன். 1958இல் பிரின்சஸ் மார்கரெட் வைத்தியசாலை திறக்கப்பட்டது அங்கேதான்.

அங்கு பணிபுரிந்த வீரா பீற்றர்ஸ் 1950இலேயே, ஆரம்பநிலை ஹொட்ஜ்கின் நோயைக் கதிர்வீச்சால் மாற்றலாம் என்று எழுதிக் காட்டியவர். மருத்துவ உலகம் நம்பப் பல வருடம் எடுத்தது. பிழைத்தவர்களில் பலர் இளவயதினர். அவர்கள் நெடுங்காலம் வாழ்ந்ததால்தான் மற்றக் கணக்கு வெளிவந்தது: கழுத்தில் பட்ட கதிர் தைரொயிட்டைச் சோரவைத்தது, நெஞ்சில் பட்டது, பத்திருபது வருடம் கழித்து இதயக் குழாய்களை அடைத்தது, இளம்பெண்கள் சிலருக்கு மார்புப் புற்றுநோயாகவும் திரும்பியது. பீற்றர்ஸைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. கதிர் இல்லையென்றால் அன்று மரணம்தான்.

இன்று கதிரின் அளவும் பரப்பும் குறைந்துவிட்டன. ஆனால் "வருத்தம் மாறீட்டுது" என்று பழைய கோப்பை மூடிவைத்த எங்கட ஆட்கள் பலர், முப்பது வருடத்துக்கு முந்திய கதிரைப் பற்றிப் புதுக் குடும்ப வைத்தியரிடம் வாய்திறப்பதேயில்லை.