தெம்பனிஸ் நகரும் திட்ட அலுவலகத்தின் அளவுகோலும்

பல பணிகளை ஒருங்கே மேற்கொள்ளும் எந்நிறுவனத்திற்கும் நிலம், பணம், ஆள், காலம் ஆகிய நான்கையும் இணைத்து நடத்த ஒரு திட்ட அலுவலகம் வேண்டும். அவ்வலுவலகம் செவ்வனே பணியாற்றியதா என்பதை எங்ஙனம் அறிவது? சிங்கப்பூரின் வீடமைப்பு வரலாறு இவ்வினாவிற்குத் தக்க விடை தருகின்றது.

1927இல் அமைந்த சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் 32 ஆண்டுகளில் கட்டிய வீடுகள் ஏறத்தாழ 23,000. 1960 பிப்ரவரியில் அதன் இடத்திற்கு வந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகமோ, லிம் கிம் சான் தலைமையில் தொடங்கி, 1965க்குள் 54,000க்கு மேற்பட்ட வீடுகளை எழுப்பிற்று. எண்ணை மட்டும் நோக்குவோர், முன்னது சோம்பியது, பின்னது உழைத்தது என்று தீர்ப்புக் கூறிவிடுவர். அது முறையன்று. டிரஸ்டிற்கு முதலில் இடப்பட்ட பணி சாலையும் சந்தும் சீர்செய்தலே. பொதுமக்களுக்கு வீடு கட்டுதல் பின்னரே வந்து சேர்ந்தது. கழகத்திற்கோ தொடக்கமுதல் அதுவே தலையாய கடமை; அரசின் முழுத் துணையும் அதற்கிருந்தது. கொடுத்த அதிகாரத்தை அளந்த பின்னரே செய்த வேலையை அளத்தல் வேண்டும்.

இனி, விரைவு ஒன்றே போதுமா? 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவராக்கிற்று. அன்று விரைவே பேருதவியாயிற்று. ஆயினும், அவசரத்தில் கட்டிய ஒற்றையறை வீடுகளில் பெருங்குடும்பங்கள் நெருக்குண்டன. கணக்கேட்டில் அவையும் முழு வீடுகளே! 1968 முதல் கழகம் குடியிருப்போரிடமே சென்று, மாதிரி ஆய்வு வாயிலாக அவர்தம் நிலையைக் கேட்டறியலாயிற்று. அளவுகோல் கட்டடத்தை விட்டுக் குடும்பத்தை நோக்கித் திரும்பியது.

அம்மாற்றத்தின் பயனைத் தெம்பனிசிற் காணலாம். கம்பங்களும் மணற்குழிகளும் இருந்த அப்பகுதியில் 1980களில் புதுநகர் எழுந்தது. சில நூறு குடும்பங்களுக்கு ஒரு பொதுத்திடல், நடந்து சென்றடையக் கடையும் பள்ளியும் என அது வகுக்கப்பட்டது. 1989 டிசம்பரில் பெருவிரைவு ரயிலும் வந்தது. 1992இல் உலக வாழ்விட விருது அந்நகரைச் சேர்ந்தது.

விருதும் இறுதித் தீர்ப்பன்று. 1990க்கு முன் எழுந்த அடுக்குமாடிகள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்கவில்லை. கட்டியபோது அது சிக்கனம். குடியேறியோர் முதுமையடைந்தபோது அதுவே துன்பம். 2001இல் தனித் திட்டம் வகுத்து அக்குறையை நீக்கத் தொடங்கினர். திறப்பு விழாவன்று முடிவது கட்டட வேலை. திட்ட அலுவலகத்தின் தேர்வு அதன்பின்தான் தொடங்குகின்றது.